ஆயிரம் முதலாளிகளுக்கு ஒரு மேனேஜர்!

"இந்தப் பொண்ணு பண்ற காரியத்தைப் பாரேன்!" என்றபடி கையில் ஒரு கடிதத்துடன் வந்தார் எதிர் வீட்டு அக்கா. அவருடைய மகள் ஹோட்டல் நிர்வாகம் படித்து, இரண்டு வருடம் ஒரு ஹோட்டலில் வேலையும் பார்த்துவிட்டாள். இப்போது ஒரு கிளப்பில் உதவி மேனேஜர் உத்தியோகம் தேடி வந்திருக்கிறது. ஒரு வாரத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். பெண்ணுக்கோ ஒரே உற்சாகம். அம்மாவுக்கோ தூக்கம் போய்விட்டது.

"கிளப்புன்னா சீட்டுக் கச்சேரி, பாட்டில், ராத்திரி பதினோரு மணி வரைக்கும் கும்மாளம்... அங்கே ஒரு பொம்பளைப் பிள்ளைக்கு என்னம்மா வேலை? ஹோட்டல்னாலும் நாலு பேர்கிட்டே சொல்லிக்கலாம். கிளப்புன்னு எப்படிச் சொல்றது?"

அக்காவைக் குறை சொல்வதற்கில்லை. நம் பாட்டி காலத்தில் கிளப் என்றால் காபி கிளப். இட்லியும் டிகிரி காபியும் கிடைக்கிற இடம். நம் காலத்தில் கிளப் என்றால் சினிமாவில் வில்லன் உட்கார்ந்து டான்ஸ் பார்க்கிற இடம்! அந்தப் பெண் போகப்போவது இந்த இரண்டும் அல்ல. அது உறுப்பினர்கள் சேர்ந்து தங்களுக்காகவே நடத்துகிற கிளப். அதை நிர்வாகம் செய்வது ஒரு தனிக் கலை. அதற்கென்று படிப்பும் பயிற்சியும் உண்டு. கூர்ந்து பார்த்தால், நாம் தினமும் வீட்டில் செய்கிற காரியம்தான் அங்கே பெரிய அளவில் நடக்கிறது. ஆனால், வீட்டு அனுபவம் மட்டும் போதுமா என்றால், போதாது. ஏன் என்று பார்ப்போமா?

கிளப் யாருடையது?

நம் சென்னையிலேயே மெட்ராஸ் கிளப் 1832ல் ஆரம்பிக்கப்பட்டது. காஸ்மாபாலிடன் கிளப் 1873லும், ஜிம்கானா கிளப் 1884லும் வந்தன. வெள்ளைக்கார துரைமார்கள் மாலையில் கூடுவதற்காகத் தொடங்கிய மெட்ராஸ் கிளப்பில், சுதந்திரம் வந்து பல வருடங்கள் கழித்துத்தான் இந்தியர்களுக்கு இடம் கிடைத்தது. பெண்கள் கதையோ இன்னும் வேடிக்கை. பெண்களையும் அனுமதிப்பதற்கென்றே 1890ல் அடையாறு கிளப் என்று தனியாக ஒன்று ஆரம்பிக்க வேண்டியிருந்தது! இரண்டும் 1963ல் ஒன்றாக இணைந்தன.

இந்த மாதிரி கிளப்புக்கு முதலாளி என்று ஒருவர் கிடையாது. சங்கமாகவோ, லாபத்தைப் பங்கு போடாத கம்பெனியாகவோ பதிவு செய்திருப்பார்கள். சந்தா கட்டும் உறுப்பினர் அத்தனை பேருக்கும் அது சொந்தம். வருகிற பணம் கிளப்புக்கே திரும்பிச் செலவாக வேண்டும். ஹோட்டலுக்கும் கிளப்புக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். ஹோட்டலில் சாப்பிட வருகிறவர் வாடிக்கையாளர். கிளப்பில் சாப்பிட வருகிறவர் வாடிக்கையாளர் மட்டுமல்ல, முதலாளியும்கூட! சாம்பாரில் உப்பு குறைந்தால், ஹோட்டலில் முகம் சுளித்துவிட்டுப் போய்விடுவார். கிளப்பில் அடுத்த பொதுக்குழுவில் எழுந்து நின்று கேள்வி கேட்பார்.

ஆயிரம் உறுப்பினர் என்றால் ஆயிரம் முதலாளிகள். அவர்கள் சார்பில் வருடா வருடம் தேர்தல் நடக்கும். தலைவர், கௌரவச் செயலாளர், பொருளாளர், கமிட்டி அங்கத்தினர்கள் என்று வருவார்கள். இவர்களுக்குச் சம்பளம் கிடையாது. டாக்டராகவோ வக்கீலாகவோ சொந்தத் தொழில் பார்த்துக்கொண்டு, மாலையில் வந்து கூடுகிறவர்கள். கொள்கை வகுப்பது அவர்கள் பொறுப்பு. அன்றாடம் காரியத்தை நடத்துவது, சம்பளத்துக்கு இருக்கும் மேனேஜரின் பொறுப்பு.

கூட்டுக் குடும்பத்து மருமகள் மாதிரி...

இந்த வருடக் கமிட்டி புல்தரையைப் பெரிதாக்கு என்கும். அடுத்த வருடக் கமிட்டி கார் நிறுத்த இடம் போதவில்லை என்கும். இரண்டு பேருக்கும் நடுவில் நிற்பவர் மேனேஜர். கூட்டுக் குடும்பத்தில் மாமியார் ஒன்று சொல்ல, பெரிய ஓரகத்தி வேறொன்று சொல்ல, யார் மனமும் கோணாமல் அடுப்படியை நடத்துகிற மருமகளின் சாமர்த்தியம் இங்கே வேண்டும்.

ஆனால், வெறும் சாமர்த்தியம் போதாது. விதி தெரிந்திருக்க வேண்டும். "நான் பழைய தலைவர். என் விருந்தாளிக்காக இந்த ஒரு தடவை விட்டுக்கொடேன்" என்று ஒருவர் கேட்டால், "சார், விதிப்புத்தகத்தில் இப்படித்தான் இருக்கிறது. ஒரு கடிதம் கொடுங்கள், அடுத்த கமிட்டியில் நானே எடுத்து வைக்கிறேன்" என்று பணிவாகவும் உறுதியாகவும் சொல்லத் தெரிய வேண்டும். ஒருவருக்கு வளைந்துகொடுத்தால், மற்ற தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பேருக்கும் வளைய வேண்டிவரும்!

காலாவதியான விதியைக் கண்டுபிடித்துச் சொல்வதும் மேனேஜரின் கடமை. 2014 ஜூலையில் சென்னையில் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? வேட்டி கட்டிக்கொண்டு ஒரு நூல் வெளியீட்டு விழாவுக்கு வந்த உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரை, கிரிக்கெட் சங்க கிளப் வாசலிலேயே தடுத்துவிட்டார்கள். வாசலில் நின்ற ஊழியர், இருந்த விதிப்படிதான் நடந்தார். ஆனால், சட்டசபை வரை விஷயம் போய், அடுத்த மாதமே சட்டம் வந்துவிட்டது. வேட்டியோ மற்ற நம் பாரம்பரிய உடையோ அணிந்தவரைத் தடுத்தால், கிளப்பின் லைசென்ஸ் ரத்தாகலாம். ஒரு வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. 'இந்த விதி இந்தக் காலத்துக்குப் பொருந்தாது' என்று முன்கூட்டியே கமிட்டியிடம் எடுத்துச் சொல்கிற மேனேஜர் இருந்தால், இப்படிப்பட்ட தலைக்குனிவுகளைத் தவிர்க்கலாம் அல்லவா?

மளிகைக் கணக்குதான், கொஞ்சம் பெரிசு

மாதக் கடைசியில் துவரம் பருப்பு டப்பாவைத் தட்டிப் பார்த்து, "இந்த மாசம் அரை கிலோ கூடப் போயிருக்கே" என்று நாம் சொல்வதில்லையா? அதையே அங்கே காகிதத்தில் போடுவார்கள்.

மாத ஆரம்பத்தில் ஸ்டோர் ரூமில் 80,000 ரூபாய்க்குச் சரக்கு இருந்தது என்று வைத்துக்கொள்வோம். மாதத்தில் வாங்கியது 3,20,000. மாதக் கடைசியில் மிஞ்சியது 60,000. அப்படியானால் செலவானது 3,40,000. அந்த மாதம் உணவு விற்ற வரவு 8,50,000. கணக்குப் போட்டால், நூறு ரூபாய் விற்பனையில் நாற்பது ரூபாய் சரக்குக்கே போயிருக்கிறது. அடுத்த மாதம், அதே விலை, அதே விற்பனையில் அது நாற்பத்தைந்தாக ஏறினால்? 42,500 ரூபாய் எங்கோ ஒழுகியிருக்கிறது! காய்கறி அழுகியதா, அளவு மீறிப் பரிமாறினார்களா, பின் வாசல் வழியாகப் போனதா என்று தேட வேண்டும்.

நமக்கு மனக்கணக்கு, அவர்களுக்கு எழுத்துக் கணக்கு. மனக்கணக்கை யாரும் தணிக்கை செய்ய முடியாது. அதனால்தான் அதை எழுத்தில் கொண்டுவரப் படிப்பு வேண்டியிருக்கிறது.

சமையலறையும் நீச்சல் குளமும்

பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். இந்த இரண்டு இடங்களில் தவறு நேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. அக்கா கவலைப்பட்டது சீட்டாட்டத்தைப் பற்றி. உண்மையில் மேனேஜர் ராத்தூக்கம் கெட்டு யோசிப்பது இவற்றைப் பற்றித்தான்.

ஐந்து டிகிரிக்கும் அறுபது டிகிரி செல்சியஸுக்கும் இடைப்பட்ட சூட்டில்தான் உணவில் கிருமிகள் மளமளவென்று பெருகும். அதனால், குளிர வைக்க வேண்டியது ஐந்துக்குக் கீழே, சூடாக வைக்க வேண்டியது அறுபதுக்கு மேலே என்று தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கப் பழக்குகிறார்கள். வடித்த சாதம் வெளியே ஆறிக் கிடப்பது மிகவும் ஆபத்து. சாதத்தில் வளரும் ஒருவகைக் கிருமி உண்டாக்கும் விஷம், மறுபடி சூடாக்கினாலும் போகாது. வீட்டிலும் இதை நினைவில் வையுங்கள். மிஞ்சிய சாதத்தை ராத்திரி முழுக்க மேடையில் வைத்துவிட்டு, காலையில் குழந்தைக்குத் தாளித்துக் கொடுக்காதீர்கள். இரண்டு மணி நேரத்துக்குள் பிரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

நீச்சல் குளத்துக்கும் தினசரிக் கணக்கு உண்டு. தண்ணீரில் குளோரின் பத்து லட்சத்தில் 1 முதல் 3 பங்கு வரை இருக்க வேண்டும். அமில-காரநிலை (பி.எச். அளவு) 7.2லிருந்து 7.8க்குள் நிற்க வேண்டும். குளோரின் குறைந்தால் கிருமி. கூடினால் கண் எரிச்சல், தோல் அரிப்பு. குளோரின் மருந்தையும் ஆசிட்டையும் ஒன்றாகக் கலந்தால் விஷவாயு கிளம்பும். (வீட்டில் பிளீச்சிங் பவுடரையும் கழிப்பறை ஆசிட்டையும் சேர்த்துக் கொட்டுகிற சகோதரிகள் இதைக் கவனிக்கவும்!)

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. தண்ணீரில் மூழ்குகிற குழந்தை சினிமாவில் வருகிற மாதிரி கத்துவதில்லை. சத்தமே இல்லாமல் மூழ்கிவிடும். குளத்துக்குக் குழந்தையை அழைத்துப் போனால், உயிர்காப்பாளர் நிற்கிறாரா, அன்றைய தண்ணீர்ப் பரிசோதனைக் குறிப்பு எழுதி மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால், உள்ளே பயிற்சி பெற்ற ஒருவர் இருக்கிறார் என்று அர்த்தம். அப்படியே இருந்தாலும், உங்கள் கண் குழந்தையை விட்டு அகலக் கூடாது.

இதற்கென்று படிப்பு உண்டா?

உண்டு. நம் நாட்டில் அந்தப் படிப்புக்கு வித்திட்டதே பெண்கள்தான் என்றால் நம்புவீர்களா? நாடு உணவுப் பஞ்சத்தில் தவித்த ஐம்பதுகளில், லீலாவதி முன்ஷி அம்மையார் தலைமையில் அகில இந்திய பெண்கள் மத்திய உணவுக் கவுன்சில் இயங்கியது. அந்தப் பெண்கள் அமைப்புதான் 1954ல் பம்பாயில் கேட்டரிங் கல்லூரியை ஆரம்பித்தது. இன்று நாடெங்கும் உள்ள ஹோட்டல் நிர்வாகக் கல்லூரிகளுக்கு அதுதான் முன்னோடி. 'சமையல்தானே' என்று ஒதுக்கப்பட்ட பெண்களின் அறிவு, ஒரு பாடத்திட்டமாக மாறியது அங்கேதான்.

நம் சென்னைத் தரமணியில் இருக்கும் கல்லூரி 1963ல் வந்தது. அதன் முழுப் பெயரில் 'அப்ளைடு நியூட்ரிஷன்', அதாவது நடைமுறை ஊட்டச்சத்து என்பதும் சேர்ந்திருக்கிறது. இத்தகைய கல்லூரிகளை ஒரே குடையின் கீழ் நடத்த, தேசிய ஹோட்டல் நிர்வாகக் கவுன்சில் 1982ல் அமைக்கப்பட்டது. பிளஸ் டூவில் எந்தப் பிரிவு எடுத்திருந்தாலும், ஆங்கிலம் ஒரு பாடமாக இருந்தால் நுழைவுத் தேர்வு எழுதலாம். மூன்று ஆண்டு பட்டப்படிப்பு. சமையல், பரிமாறுதல், வரவேற்பு, அறைப் பராமரிப்பு, கணக்கு, ஊட்டச்சத்து எல்லாம் உண்டு. நடுவில் பல வாரங்கள் ஹோட்டலில் நேரடிப் பயிற்சியும் உண்டு. நம் ஊரில் கிளப் மேனேஜர் வேலைக்கு வழக்கமான வாசல் இதுதான். வேறு படிப்பு படித்துவிட்டு வருகிறவர்களும், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வருகிறவர்களும் உண்டு.

வாசலைத் தாண்டியதும் படிப்பு முடிந்துவிட்டதா? அதுதான் இல்லை! அமெரிக்காவில் 1927லேயே கிளப் மேனேஜர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்துக்கொண்டார்கள். வேலையில் இருக்கும்போதே பல்கலைக்கழகங்களுக்கு வந்து, ஏறக்குறைய ஒரு வாரம் தங்கி, படிப்படியாகப் படிக்கிறார்கள். கமிட்டியோடு இணைந்து வேலை செய்வது, கணக்கு, ஊழியர் நிர்வாகம், உணவு, விளையாட்டு, கட்டடப் பராமரிப்பு, சட்டம், உறுப்பினர் சேர்க்கை என்று ஒவ்வொன்றும் ஒரு பாடம். கடைசியில் பரீட்சை எழுதித் தேறினால், 'சான்று பெற்ற கிளப் மேனேஜர்' என்ற தகுதி. அதோடும் விடுவதில்லை. தொடர்ந்து படித்துக் காட்டினால்தான் அந்தத் தகுதி நிலைக்கும். ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இப்படிப்பட்ட சங்கங்கள் பயிற்சி தருகின்றன.

ஏன் இவ்வளவு படிப்பு? ஒரு உதாரணம் போதும். கிளப் தன் உறுப்பினருக்கே பரிமாறுவது, ஒருவர் தனக்குத்தானே விற்றுக்கொள்வது மாதிரி. அதற்கு விற்பனை வரியோ சேவை வரியோ கிடையாது என்று 2019ல் கல்கத்தா கிளப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2021ல் நாடாளுமன்றம் ஜி.எஸ்.டி. சட்டத்தையே திருத்தி, கிளப் வேறு, உறுப்பினர் வேறு என்று எழுதியது. அதுவும் 2017 ஜூலை முதலே செல்லும் என்றது! அந்தத் திருத்தமும் பிறகு கோர்ட் படியேறியது. இதையெல்லாம் படிக்காமல், பத்து வருடத்துக்கு முன் கற்றதையே வைத்துக்கொண்டு கணக்கு எழுதினால் கிளப்பின் கதி என்ன?

பெண்ணுக்குப் பாதுகாப்பு?

அக்காவின் கேள்விக்கு வருவோம். மது பரிமாறும் இடங்களில் பெண்கள் வேலை செய்யக் கூடாது என்று டெல்லியில் அமலில் இருந்த பழைய கலால் சட்டம் சொன்னது. ஹோட்டல் படிப்பு படித்த பெண்களின் பிழைப்பில் மண்ணைப் போடுகிற சட்டம்! 2007ல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. பெண்ணுக்குப் பாதுகாப்புத் தர வேண்டுமானால் இடத்தைப் பாதுகாப்பாக்க வேண்டுமே தவிர, அவள் வேலையைப் பறிக்கக் கூடாது என்பது தீர்ப்பின் சாரம்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்க ஒரு பெண்ணின் தலைமையில் குழு இருக்க வேண்டும் என்று 2013ல் சட்டம் வந்தது. பேறுகால விடுப்பு, முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் என்று 2017ல் உயர்ந்தது. சட்டம் காகிதத்தில் இருந்தால் போதாது. அதனால், பதில் கடிதம் எழுதும் முன் இவற்றைக் கேட்கச் சொன்னேன்:

● புகார்க் குழுவில் யார் யார்? பெயர்கள் எழுதி மாட்டியிருக்கிறதா?

● ராத்திரி வேலை வாரத்தில் எத்தனை நாள்? வீடு வரை வண்டி உண்டா?

● மதுவருந்திய உறுப்பினர் வரம்பு மீறினால் விதி என்ன? கமிட்டி ஊழியர் பக்கம் நிற்குமா?

● மேற்படிப்புக்கு, பயிற்சிக்கு கிளப் விடுப்பும் செலவும் தருமா?

கஷ்டத்தையும் மறைக்கக் கூடாது. ஊரே பண்டிகை கொண்டாடும்போது கிளப்பில் வேலை அதிகம். டிசம்பர் 31 ராத்திரி வீட்டில் இருக்கவே முடியாது. கைக்குழந்தை உள்ளவளுக்கு வீட்டில் கை கொடுக்க ஆள் வேண்டும். அந்த ஆள் எப்போதும் பாட்டியாகவே இருக்க வேண்டுமா? அப்பாவாகவும் இருக்கலாமே!

வீட்டில் இருக்கும் நமக்கு?

இப்போது பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புகளில் கிளப் ஹவுஸ் என்று ஒன்று கட்டிவிடுகிறார்கள். நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம், விழா மண்டபம் எல்லாம் உண்டு. அங்கேயும் உரிமையாளர் குடியிருப்போர் அத்தனை பேரும்தான். கமிட்டிக்கு நிற்கச் சொன்னால், "ஐயோ, எனக்கென்ன தெரியும்!" என்று பின்வாங்காதீர்கள். வரவு செலவையும் தண்ணீர்ப் பரிசோதனைக் குறிப்பையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017 முதல் 'ஃபோஸ்டாக்' என்ற பயிற்சி நடத்துகிறது. உணவைக் கையாளும் 25 பேருக்கு ஒருவராவது இதில் தேறியிருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அடிப்படைப் பயிற்சி ஒரே நாளில் முடிந்துவிடும். வீட்டிலிருந்து கேட்டரிங் செய்கிறவர்களும் சேரலாம். கல்லூரிப் பக்கம் போக முடியாதவர்களுக்கு, இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் உணவும் ஊட்டச்சத்தும் பற்றிய சான்றிதழ்ப் படிப்பு இருக்கிறது. இருபது வருடக் குடித்தன அனுபவத்துக்கு ஒரு சான்றிதழ் கையில் சேர்ந்தால், அதன் மதிப்பே வேறு!

மூன்றாம் நாள் அக்கா மறுபடி வந்தார். மகளோடு போய் கிளப்பைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"புகார்க் குழு பெயரெல்லாம் மாட்டியிருக்கு. ராத்திரி வண்டியும் உண்டாம். அடுப்படியும் சுத்தமா இருக்கு. ஆனா, ஸ்டோர் ரூம்ல புது அரிசி மூட்டையை முன்னாடி போட்டுட்டு, பழசைப் பின்னாடி தள்ளி வெச்சிருக்காங்க. முதல்ல வந்தது முதல்ல போகணும் இல்லையா? மேனேஜர்கிட்டேயே சொல்லிட்டேன்."

"அவர் என்னக்கா சொன்னார்?"

"நோட்டுல எழுதிக்கிட்டார்." அக்கா முகத்தில் ஒரு சின்னப் பெருமை. "பொண்ணு சேர்றேன்னு பதில் போட்டுட்டா. அது இருக்கட்டும்... நீ சொன்னியே, அந்த ஒரு நாள் பயிற்சி, அதுக்கு வயசு வரம்பு ஏதாவது உண்டா?"